பருவம் தொடங்க 19 நாள் இருக்கையில் விலகிய பயிற்சியாளர்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2024 அக்டோபர் 18 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர், தம் 55ஆம் வயதில், பணி ஓய்வை அறிவித்தார். அணியின் முதல் ஆட்டத்திற்கு அப்போது 19 நாளே இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் 2030 வரை நீளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். உடல்நலக் குறைவோ, விசாரணையோ, நிர்வாகத்தோடு மனக்கசப்போ காரணமாகச் சொல்லப்படவில்லை. 15 பருவங்களில் 364 வெற்றிகள், 136 தோல்விகள், ஒரு தேசியப் பட்டம் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர், அந்தப் பணிக்குத் தாம் இனி ஏற்றவர் அல்லர் என்று தாமே சொல்லி எழுந்து போனார்.

நடந்தவை எல்லாம் பொதுவெளியில் நடந்தவை. ஆண்டுகளும் ஆட்ட முடிவுகளும் பதிவில் உள்ளவை. இருந்தாலும் இங்கே ஆட்களின் பெயர்களைத் தவிர்த்து, அவரவர் வகித்த பொறுப்பால் மட்டும் குறித்திருக்கிறேன். இது புகழுரையாகவோ குற்றப்பத்திரிகையாகவோ படிக்கப்பட வேண்டாம் என்பதே அதற்குக் காரணம். ஒருவரின் பணி அவர் கண்முன்னே வேறொரு பணியாக உருமாறும்போது, அதை அவர் எப்போது உணர்கிறார், உணர்ந்தபின் எப்போது சொல்கிறார் என்ற இரண்டு கேள்விகளையே இந்த ஆய்வு பின்தொடர்கிறது. முதல் கேள்விக்கு அவர் அளித்த விடை நேர்மையானது என்று கருதுகிறேன். இரண்டாவது கேள்வியில்தான் எனக்குத் தயக்கம் உண்டு.

பின்னணி: தந்தையின் விலகல்

இவர் பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளை. தந்தை விஸ்கான்சின் மாநிலக் கல்லூரி அணிகளுக்கு நெடுங்காலம் பயிற்சியளித்தவர். மகன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் அந்தத் தந்தையிடமே ஆடினார். மூன்று புள்ளி எறிதலில் (தொலைவிலுள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) அங்கே அவர் எட்டிய 49.7 விழுக்காடு, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சாதனைப் பதிவுகளில் இடம்பெற்றது. பிறகு சார்லட் ஹார்னெட்ஸ் என்ற தொழில்முறை அணியில் மூன்று பருவங்கள், அதன்பின் நியூசிலாந்தில் சில ஆண்டுகள் என்று கழிந்து, 1999இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தந்தையின் குழுவுக்கு ஊதியமில்லாத மேலாளராக வந்து சேர்ந்தார்.

அந்தப் பருவத்தில், 2000ஆம் ஆண்டு, எவரும் எதிர்பாராத வகையில் தன் பிரிவில் எட்டாம் தரவரிசையே பெற்றிருந்த விஸ்கான்சின், தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, அடுத்த பருவத்தின் மூன்று ஆட்டங்கள் மட்டுமே முடிந்திருந்த நிலையில், தந்தை விலகினார். தம்மிடம் கொடுப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்னும் அளவுக்கு அவர் களைத்திருந்தார். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் இடைக்காலப் பொறுப்பேற்று அந்தப் பருவத்தை முடித்துக்கொடுத்தார். பருவம் முடிந்ததும் நிர்வாகம் அவரை நிரந்தரமாக்காமல் வெளியிலிருந்து வேறொருவரைக் கொண்டுவந்தது.

இந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மகன் அப்போது அந்த அறையிலேயே இருந்தார். தலைவர் இல்லாத அணி ஒரு பருவத்தை எப்படிக் கடக்கிறது, இடைக்காலப் பொறுப்பில் அமர்பவருக்கு என்ன ஆகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தார். அன்று இடைக்காலப் பயிற்சியாளராக இருந்தவரே 2015இல் மகனின் வர்ஜீனியா குழுவில் உதவியாளராகச் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பருவத்தின் வாசலில் விலகுவதன் விலை என்னவென்று அறியாமல் இவர் 2024இல் முடிவெடுத்தார் என்று சொல்லவே முடியாது.

தந்தை 2003இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் பணியேற்றபோது மகனும் உடன் சென்றார். 2006இல் அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு, முதல் பருவத்திலேயே நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருதைப் பெற்றார். 2009இல் வர்ஜீனியா அவரை அழைத்தது. முந்தைய பருவத்தில் 10 ஆட்டங்களில் மட்டும் வென்று 18இல் தோற்ற அணி அது.

அணி கட்டப்பட்ட விதம்

அவருடைய விலகலைப் புரிந்துகொள்ள, அவர் எதைச் செய்து வென்றார் என்பது தெரிய வேண்டும். ஆகவே இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்கிறேன்.

அவர் தந்தை வகுத்த தடுப்பாட்ட முறைக்குப் பேக் லைன் என்று பெயர். மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சில அடிகள் உள்ளே, தரையில் வரையப்படாத ஒரு வளைவு இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை ஒரே ஒரு தடுப்பாளர் வெளியே சென்று நெருக்குவார். மற்ற நால்வரும் அந்தக் கற்பனை வளைவுக்கு உள்ளேயே அடைத்துக்கொண்டு நிற்பார்கள். எதிரணி வீரர் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகப் பார்த்தால் எங்கும் சந்து கிடைக்காது. பந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காற்றில் போகும் அந்த நேரத்திற்குள் ஐந்து பேரும் இடம் மாறியாக வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகு நகர்ந்தால் காலம் கடந்துவிடும். தாக்குதலிலும் அவசரம் கிடையாது. நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்றாக வர்ஜீனியா ஆண்டுதோறும் இருந்தது. பார்ப்பதற்குச் சலிப்பாக இருக்கிறது என்று குறைசொன்னவர்கள் உண்டு, அது முற்றிலும் பொய்யும் அல்ல.

இந்த முறையின் சிக்கல், அது ஒரே பருவத்தில் கைவராது என்பதுதான். 18 வயதில் வரும் இளைஞர் உயர்நிலைப் பள்ளியில் தம் வேகத்தாலும் உயரத்தாலும் வென்று பழகியவர். அவரை அடுத்தவருக்காக அரை அடி நகர்ந்து நிற்கப் பழக்குவதற்கே ஓர் ஆண்டு போய்விடும். அதனால் இந்தப் பயிற்சியாளர் ரெட்ஷர்ட் என்ற ஏற்பாட்டைத் தாராளமாகப் பயன்படுத்தினார். உதவித்தொகை பெறும் வீரர் முதல் ஆண்டு முழுவதும் அணியோடு பயிற்சி செய்வார், உடம்பைத் தேற்றுவார், ஆனால் ஓர் ஆட்டத்திலும் இறங்கமாட்டார். ஆடுவதற்கான நான்கு ஆண்டுக் கணக்கு அடுத்த ஆண்டிலிருந்து தொடங்கும். இதற்கு வீரரும் அவர் வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். காத்திருந்தால் பலன் உண்டு என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான் அவருடைய உண்மையான தொழிலாக இருந்தது. பணிவு, ஈடுபாடு, ஒற்றுமை, தொண்டு மனம், நன்றியுணர்வு என்ற ஐந்தையும் அணியின் தூண்கள் என்று அவர் சொல்லிவந்ததைச் சிலர் பிரசங்கம் என்று நினைத்தார்கள். ஆடாமல் ஓர் ஆண்டு உட்கார்ந்திருக்க இளைஞனைச் சம்மதிக்க வைப்பவருக்கு அந்தச் சொற்கள் வேலைக்கான கருவிகள்.

இரண்டு மார்ச் மாதங்கள்

2018 மார்ச் 16 அன்று, சார்லட் நகரில், நாட்டின் முதல் தரவரிசை அணியாக நுழைந்த வர்ஜீனியா, போட்டியின் நான்கு பிரிவுகளில் ஒன்றில் கடைசி இடமான 16ஆம் தரவரிசையிலிருந்த மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாக அணியிடம் 74–54 என்று தோற்றது. ஆடவர் தேசியப் போட்டியில் அதுவரை 135 முறை மோதி ஒருமுறைகூட முதல் தரவரிசை அணி 16ஆம் தரவரிசை அணியிடம் தோற்றதில்லை. பாதி ஆட்டத்தில் 21–21 என்று சமநிலை. பிற்பாதியில் மட்டும் எதிரணி 53 புள்ளிகள் எடுத்தது. அந்தப் பருவத்தில் வர்ஜீனியா முழு ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். அன்று எதிர்ப்பக்கத்துப் பயிற்சியாளராக நின்றவரைப் பற்றி இந்த ஆய்வின் பிற்பகுதியில் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு அதே அணி 35 வெற்றிகள், 3 தோல்விகள் என்று ஆடி, 2019 ஏப்ரல் 8 அன்று மினியாபொலிசில் டெக்சாஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85–77 என்று வென்று பட்டம் பெற்றது. வழியில் பர்டூவுக்கு எதிராகக் கடைசி நொடியில் சமன் செய்து பிழைத்ததும், ஆபர்னுக்கு எதிராக 0.6 நொடி மிச்சமிருக்கையில் கிடைத்த மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் (தடுப்பார் இல்லாமல் எறிபவை) ஒருவரே போட்டு 63–62 என்று கரையேறியதும் பலருக்கும் நினைவிருக்கும். இறுதி ஆட்டத்தில் 27 புள்ளிகள் எடுத்தவர், தம் முதல் ஆண்டை ரெட்ஷர்ட்டாக ஆடாமல் கழித்தவர். பர்டூவுக்கு எதிரான அந்தக் கடைசி எறிதலைப் போட்டவரும் அப்படியே ஓராண்டு காத்திருந்தவர்தான்.

பட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் அளிக்க வந்த ஊதிய உயர்வை அவர் ஏற்கவில்லை. தமக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இருப்பதாகச் சொல்லி, உதவியாளர்களின் ஊதியத்துக்கும் அணியின் வசதிகளுக்கும் அந்தப் பணத்தைத் திருப்பச் சொன்னார். அவரும் மனைவியும் சேர்ந்து, வீரர்களின் பிற்கால வேலைவாய்ப்புக்கான திட்டம் ஒன்றுக்கு 5 லட்சம் டாலர் தருவதாக உறுதியளித்தார்கள். விலகலின்போது எழுந்த ஒரு விமர்சனத்தை எடைபோட இந்தச் செய்தி தேவைப்படும்.

விதிகள் மாறிய வரிசை

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது: வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பும் வீரரின் பெயர் ஏறும் பொதுப் பட்டியல். அப்போதுகூட இடம் மாறுபவர் ஓர் ஆண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்ற பழைய விதி பெரும்பாலும் நின்றது. 2021 ஏப்ரலில் அந்தக் காத்திருப்பு ஒருமுறைக்கு நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது; ஜூலை 1 முதல், வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றாயிற்று. விளம்பர வருமானம் என்று தொடங்கிய அது, ஆதரவாளர்கள் பணம் திரட்டி வீரர்களுக்கு வழங்கும் குழுக்களாக விரைவிலேயே வளர்ந்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றத் தடை ஒன்று வந்தபின், 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் உடனே மாறி ஆடலாம் என்று விதி திருத்தப்பட்டது. பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்யும் ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் முதற்கட்ட ஒப்புதல் அளித்தது 2024 அக்டோபர் 7 அன்று. அதாவது இந்தப் பயிற்சியாளரின் அறிவிப்புக்குப் பதினோரு நாள் முன்பு.

இந்த மாற்றங்களில் ஒவ்வொன்றும் வீரர்களுக்கு நியாயமானது. பல கோடி டாலர் புரளும் ஆட்டத்தில் ஆடுபவருக்கு மட்டும் காசு கிடையாது என்ற பழைய ஏற்பாட்டை எவரும் இன்று நெஞ்சில் கைவைத்து ஆதரிக்க முடியாது. ஆனால் எல்லாம் ஒன்று சேர்ந்து பயிற்சியாளரின் வேலையை மாற்றின. பருவம் முடிந்த மறுநாளே சொந்த அணி வீரர்களைத் தக்கவைக்கும் பேரம் தொடங்கும், கூடவே போர்ட்டலில் ஏறும் மற்ற அணி வீரர்களுக்கான ஏலம், ஏஜென்டுகளின் அழைப்புகள், பணம் தருபவர்களோடு விருந்துகள். ஒரு வீரரை ஓர் ஆண்டு ஆடாமல் உட்காரச் சொன்னால், அவர் உட்காரவேண்டிய அவசியமே இல்லாத வேறு நூற்றுக்கணக்கான இடங்கள் காத்திருக்கின்றன.

2019க்குப் பின் கவனிக்கப்பட்டவை

வெளிப்பார்வைக்கு அணி சரிந்துவிடவில்லை. அட்லாண்டிக் கோஸ்ட் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில், வழக்கமான பருவத்தில் 2021இல் முதலிடம், 2023இல் பகிர்ந்துகொண்ட முதலிடம் என்று வெற்றிகள் தொடர்ந்தன. ஆனால் தேசியப் போட்டியில் 2019க்குப் பிறகு அவர் காலத்தில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021இல் ஒஹையோ அணியிடம் 62–58. 2022இல் தேர்வாகவே இல்லை. 2023இல் ஃபர்மன் அணியிடம் 68–67.

இந்தக் கடைசி ஆட்டத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். சில நொடிகளே மிச்சமிருக்க, முன்னிலையில் இருந்த வர்ஜீனியாவின் வீரர் ஒருவர் மூலையில் இருவர் நெருக்கத்தில் மாட்டிக்கொண்டு பந்தைத் தூக்கி எறிந்தார். அது எதிரணியின் கைக்குப் போய், மறுகணம் மூன்று புள்ளியாக விழுந்தது. 2019இல் பர்டூவுக்கு எதிராக, ஓடிய பந்தை விரட்டிப் பிடித்து, அரங்கின் பாதி நீளத்துக்குக் குறிதவறாமல் அனுப்பி அணியைப் பிழைக்கவைத்த அதே கைதான் அது. முதலாண்டு மாணவராக அந்தப் பந்தை அனுப்பியவர் ஐந்தாம் ஆண்டு மாணவராக இந்தப் பந்தையும் எறிந்தார். ஒரே பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்கள் ஆடிய வீரர் என்பதே அருகிவரும் இனம். பழைய முறையின் கடைசிப் பெரிய வார்ப்பு என்று அவரைச் சொல்லலாம்.

2024 மார்ச் 19 அன்று டேட்டனில் கொலராடோ மாநில அணியிடம் 67–42 என்று தோற்றபோது, முதல் பாதியில் வர்ஜீனியா எடுத்தது 14 புள்ளிகள். பேக் லைன் அணி தோற்பது புதிதல்ல. தடுப்பாட்டமும் காக்காமல், தாக்குதலும் வறண்டு, இப்படித் தோற்பது புதிது. ஆட்டமுறை பழசாகிவிட்டது என்று அன்று பலர் முடிவுகட்டினார்கள். என் கணிப்பு வேறு. அந்த முறைக்கு வேண்டிய ஆட்களை மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் வைத்திருக்கும் வழிதான் அடைபட்டுப்போயிற்று.

2024 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை: முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அந்த வசந்த காலத்திலேயே விலகுவதைப் பற்றி யோசித்ததாகப் பிறகு அவரே சொன்னார். யோசித்தார், ஆனால் விலகவில்லை; புதிய வீரர்கள் வந்து சேர்ந்தார்கள், உற்சாகம் திரும்பியது, ஜூனில் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். அந்தக் கையெழுத்தை வஞ்சனை என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆள் சேர்ப்பில் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு மிச்சமிருக்கிறது என்பதே முதல் கேள்வி. குறைந்த ஆண்டுகளே மிச்சமிருந்தால் போட்டி அணிகள் அதைச் சொல்லியே வீரர்களைக் கலைத்துவிடும். ஆகவே நீட்டிப்பு என்பது மன உறுதியின் அறிவிப்பாக இருப்பதைவிடத் தொழிலின் தேவையாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட கையெழுத்து, போட்டவரின் ஐயத்தை அவர் கண்ணிலிருந்தே சில மாதங்கள் மறைத்துவிடும் என்பதும் உண்மை.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சார்லட்டில் நடந்த, கூட்டமைப்பின் பருவ முன்னோட்டச் செய்தியாளர் சந்திப்பில் வழக்கம்போலக் கலந்துகொண்டு, வரப்போகும் பருவத்தைப் பற்றிப் பேசினார். அதையொட்டிப் பல்கலைக்கழகத்துக்கு இலையுதிர்கால விடுமுறை வந்தது. பயிற்சி தொடங்கியபின் கிடைக்கும் சிறு இடைவெளி அது. மனைவியுடன் வெளியூர் சென்றிருந்த அந்த நாட்களில்தான், இந்தப் பணியைத் தொடரத் தம்மால் முடியுமா என்ற கேள்வியை இருவரும் நேராக எதிர்கொண்டார்கள். திரும்பியதும் தடகளத் துறை இயக்குநரிடம் சொன்னார், பிறகு வீரர்களிடம். அக்டோபர் 17 அன்று செய்தி வெளியானது. மறுநாள் காலை, அணி ஆடும் ஜான் பால் ஜோன்ஸ் அரங்கில் செய்தியாளர்களைச் சந்தித்தார்.

அன்று கண்கலங்கப் பேசிய அவர் சொன்னவற்றின் சாரம் இது. தற்போதைய சூழலில் இந்த அணியை வழிநடத்த மிகச் சிறந்தவர் தாம் அல்லர் என்பதைத் தம்மையே உற்றுப் பார்த்து உணர்ந்துகொண்டார். பழைய முறையில் இந்தப் பணியைச் செய்யும் தகுதிதான் தமக்கு உண்டு. இதை ஏற்பவர் முழுமனதோடு ஏற்க வேண்டும். அரைமனதோடு செய்வது அணிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நியாயமாகாது. வீரர்களுக்கு வருவாயில் பங்கு கிடைப்பது சரியே என்றும் அவர் சொன்னார். ஆனால் கல்லூரி விளையாட்டு நலமான நிலையில் இல்லை. கூட்டுப் பேர ஒப்பந்தமும், இடமாற்றத்துக்கு ஓர் ஒழுங்கும், ஏஜென்டுகளுக்குக் கட்டுப்பாடும் வேண்டும் என்றார்.

முடிவை எடைபோடுதல்

இரண்டு விமர்சனங்கள் எழுந்தன. முதலாவது: கோடிக்கணக்கில் ஊதியம் வாங்கிய பயிற்சியாளர், வீரர்களுக்குக் காசு வரத் தொடங்கியதும் முகம் சுளித்துப் போகிறார் என்பது. மற்றவர்கள் விஷயத்தில் இது பொருந்தலாம். வந்த ஊதிய உயர்வை 2019இல் மறுத்தவர், அன்றைய பேச்சிலும் வீரர்களின் பங்கை ஆதரித்தவர் மீது இதைச் சுமத்துவது பொருந்தவில்லை.

இரண்டாவது விமர்சனம் கனமானது: ஏன் அக்டோபரில்? வீரர்கள் அவரை நம்பி வந்தார்கள், வகுப்புகள் தொடங்கிவிட்டன, வேறு அணிகளில் பெரும்பாலும் இடம் மிச்சமில்லை. நிர்வாகத்துக்கும் வெளியே தேட அவகாசம் இல்லை. வேறு அணியின் பயிற்சியாளர் எவரும் பருவத்தின் தொடக்கத்தில் தம் வீரர்களை விட்டுவிட்டு வரமாட்டார். ஆகவே பொறுப்பு உள்ளே இருக்கும் ஒருவருக்குத்தான் போகும். தம் உதவியாளர்களுக்கு வாய்ப்பு கிடைக்கட்டும் என்றே அவர் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று ஊகித்தவர்களும் உண்டு. அதை நிறுவவோ மறுக்கவோ வழியில்லாததால் விட்டுவிடுகிறேன்.

அவர் தரப்பில் சொல்லக்கூடியதும் உண்டு. விடுமுறையில் உண்மை தெரிந்துவிட்ட பிறகு, அதை மறைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஆட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தால், அது ஒவ்வொரு நாள் பயிற்சியிலும் கசிந்திருக்கும். மேலும், சரியான காலத்தில் விலகினால் எல்லாம் சரியாக அமையும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் 2016, 2018 ஆகிய இரு பட்டங்களை வென்ற பயிற்சியாளர், 2022 ஏப்ரலில், அணி இறுதி நான்கு வரை சென்ற கையோடு, 60 வயதில் ஓய்வு பெற்றார். முறையான காலம், முறையான வாரிசு. அந்த வாரிசு மூன்று பருவங்களில் ஒருமுறைகூடத் தேசியப் போட்டிக்குத் தேர்வாகாமல் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டார்.

ஆகவே, விலகல் சரி. அதற்கு உகந்த மாதம் ஏப்ரல். அக்டோபரில்தான் தெரியவந்தது என்றால் அக்டோபரில் சொன்னதில் குற்றம் இல்லை என்பது என் நிலைப்பாடு. ஏப்ரலில் எழுந்த ஐயத்தை ஜூன் வரை யாரும் அவரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை என்பதில்தான் குறை இருக்கிறது. அது அவர் ஒருவருடைய குறை அல்ல.

தொடர்ந்து நடந்தவை

அவரோடு வாஷிங்டன் மாநிலத்திலிருந்தே பயணித்து, இடையில் ஐந்து ஆண்டுகள் வேறொரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், 2023இல் திரும்பியிருந்த உதவிப் பயிற்சியாளர் இடைக்காலப் பொறுப்பேற்றார். பருவம் 15 வெற்றிகள், 17 தோல்விகள் என்று முடிந்தது. 2009–10இல், விலகியவரின் முதல் பருவத்தில், 15–16 என்று முடிந்ததற்குப் பிறகு வர்ஜீனியா வெற்றிகளைவிடத் தோல்விகளை அதிகம் கண்ட பருவம் அதுவே. 2025 மார்ச்சில் கூட்டமைப்புப் போட்டியில் தோற்றவுடன் இடைக்காலப் பயிற்சியாளர் விடுவிக்கப்பட்டார். விஸ்கான்சினில் 2001இல் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது.

மார்ச் 22 அன்று புதிய பயிற்சியாளர் அறிவிக்கப்பட்டார்: 2018இல் 74–54 என்று வர்ஜீனியாவை வீழ்த்திய அந்த அணியை நடத்தியவர். அவருடைய தந்தை 1980களில் வர்ஜீனியாவில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். இவரும் சிறுவனாக அதே அணிக்குப் பந்து எடுத்துக்கொடுத்தவர். அவர் முதல் பருவத்துக்குத் திரட்டிய அணியில் பெரும்பாலோர் புதியவர்கள். விலகியவர் தமக்கு வராது என்று சொன்ன அதே வேலையைப் புதியவர் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியிருந்தது.

வெளியே, 2024 டிசம்பர் 26 அன்று, மயாமி பல்கலைக்கழக அணியை 2023இல் இறுதி நான்கு வரை கொண்டுசென்ற 75 வயதுப் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே விலகினார். அவர் சொன்ன காரணங்களும் இதே திசையில் இருந்தன. ஹவுஸ் உடன்பாடு 2025 ஜூன் 6 அன்று இறுதி ஒப்புதல் பெற்றது. ஜூலை 1 முதல் ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து முதல் ஆண்டில் ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குத் தரலாம் என்றாயிற்று.

வேறு விதமாகச் செய்திருக்கக்கூடியவை

முதலில் மாற வேண்டியது, பருவம் முடிந்தபின் நடக்கும் பேச்சு. ஒப்பந்த நீட்டிப்பின்போது ஊதியமும் ஆண்டுகளும் பேசப்படுகின்றன. அந்தப் பணியின் எந்தப் பகுதியை இவர் செய்யப்போகிறார், எதை இன்னொருவரிடம் கொடுக்கப்போகிறார் என்று பேசப்படுவதில்லை. டியூக் பல்கலைக்கழகம் 2022இலேயே கூடைப்பந்து அணிக்குப் பொது மேலாளர் என்ற பதவியை உருவாக்கியிருந்தது. பிறகு பல அணிகள் அதைப் பின்பற்றின. வீரர்களின் பணமும் ஏஜென்டுகளும் அவர் கையில், ஆட்டமும் பயிற்சியும் பயிற்சியாளர் கையில் என்ற பிரிப்பு 2024 ஏப்ரலில் இவருக்கு முன்னால் தீவிரமாக வைக்கப்பட்டிருந்தால் தொடர்ந்திருப்பாரா? ஒருவேளை தொடர்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய வெற்றி, வீரரோடும் வீட்டாரோடும் தாமே உட்கார்ந்து பேசிச் சம்பாதித்த நம்பிக்கையில் நின்றது. அந்தப் பேச்சையே பிரித்துக் கொடுத்தபின் எஞ்சுவது அவருக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இரண்டாவது, இடைக்காலப் பொறுப்பின் நிபந்தனைகள். பருவத்தின் வாசலில் பொறுப்பேற்பவருக்கு அடுத்த மார்ச்சில் எந்த அளவுகோல் என்பதை எழுத்தில் தர வேண்டும். தாம் சேர்க்காத அணியோடு, தாம் திட்டமிடாத பருவத்தை நடத்தியவரை 15–17 என்ற எண்ணை மட்டும் வைத்து மதிப்பிட்டால், அடுத்தமுறை அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ளவர் தயங்குவார்.

மூன்றாவது, வீரர்கள். பயிற்சியாளர் மாறினால் அணியினர் 30 நாட்களுக்குள் போர்ட்டலில் ஏறலாம் என்ற விதி அப்போது இருந்தது. பருவம் முடிந்தபின் அது உண்மையான வாய்ப்பு; அக்டோபரில் அது பெரும்பாலும் காகிதத்தில் உள்ள வாய்ப்பு. வர்ஜீனியாவிலிருந்து அப்போது வெளியேறிய வீரர் ஒருவர், சில மாதங்களுக்கு முன்புதான் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து இந்தப் பயிற்சியாளரை நம்பி வந்தவர். அவர் கொன்சாகா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2024–25 பருவத்தில் அங்கே பயிற்சி செய்தார், உடம்பைத் தேற்றினார், ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை.